மிளா வேட்டை ரைபிள்: இரும்பு சைட்டா, ஸ்கோப்பா?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் புதிதாக வேட்டை உரிமம் எடுத்த தமிழர்களிடமிருந்து, குறிபார்க்க ரைபிளின்மேல் உள்ள இரும்பு சைட் போதுமா, ஸ்கோப் என்கிற தொலைநோக்கி வேண்டுமா என்ற கேள்வி இரண்டு விதமாக வருகிறது. "பழைய .30-30 லீவர் ரைபிள் ஒன்று மலிவாகக் கிடைத்திருக்கிறது, அதன்மேல் ஸ்கோப் மாட்டலாமா?" என்பது ஒன்று. "புது .308 போல்ட் ரைபிள் வாங்கினேன், குழலில் சைட்டே இல்லை. ஸ்கோப் இல்லாமல் முடியாதா?" என்பது இன்னொன்று. (.30-30, .308 என்பவை தோட்டா வகைகள். அடியிலுள்ள நெம்புகோலை இறக்கி ஏற்றித் தோட்டாவை உள்ளே தள்ளுவது லீவர் ரைபிள், பக்கக் கைப்பிடியை இழுத்துத் தள்ளுவது போல்ட் ரைபிள்.) கடைக்காரரைக் கேட்டால் இரண்டுக்கும் ஸ்கோப் என்பார். பழைய வேட்டைக்காரரைக் கேட்டால் இரண்டுக்கும் இரும்பு என்பார்.

மிளா என்கிற கடமான் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கைக் காடுகளிலும் இருக்கும் அதே இனம்தான். 1860களில் கப்பலேறி விக்டோரியா போய், இன்று அங்கே கிப்ஸ்லாந்திலும் ஆஸ்திரேலிய ஆல்ப்ஸ் மலைக்காடுகளிலும் பெருகிக் கிடக்கிறது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அதைத் தொடவே கூடாது. விக்டோரியாவில் துப்பாக்கி உரிமமும் வேட்டை உரிமமும் இருந்தால் சுடலாம். மிளாவுக்குக் குறைந்தது .270 அளவுள்ள ரைபிளும் 130 கிரெய்ன் எடையுள்ள குண்டும் வேண்டும். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னிருந்து மறைவுக்கு அரை மணி பின்வரைதான் நேரம். இந்தக் கடைசி விதியை மனதில் வையுங்கள். சைட் தேர்வில் பாதியை அதுதான் முடிவுசெய்கிறது.

எதை வைத்து முடிவெடுப்பது

தூரம்தான் முக்கியம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தூரமும் ஒரு கணக்குதான், ஆனால் முதல் கணக்கு வெளிச்சம். மிளா காலையிலும் மாலையிலும்தான் புதரைவிட்டு வெளியே வரும். நண்பகலில் 100 மீட்டரில் தெளிவாகத் தெரியும் உடல், மாலை ஆறு மணிக்குப் பெரணிப் பள்ளத்தில் 50 மீட்டரிலேயே ஒரு கறுப்புத் திட்டாகிவிடும்.

அடுத்தது உங்கள் கண். நாற்பதைத் தாண்டியவர்கள் செய்தித்தாளைக் கையை நீட்டிப் பிடிக்கிறார்களே, அதே குறை இரும்பு சைட்டிலும் வந்து நிற்கும்.

மூன்றாவது தூரம். டார்கோ, லிகோலா பக்கத்து மலைகளில் ஒரே நாளில் இரண்டு விதமான வாய்ப்புகள் வரும்: ஓடைக்குள் இறங்கும்போது 30 முதல் 60 மீட்டரில் சட்டென்று எழுந்து ஓடும் மான், முகட்டில் உட்கார்ந்து எதிர்ச்சரிவைப் பார்க்கும்போது 150 முதல் 250 மீட்டரில் நின்று மேயும் மான். நீங்கள் எந்த வாய்ப்பைத் தேடிப் போகிறீர்கள் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் கடைக்குப் போகாதீர்கள்.

மிச்சம் மூன்று: கையிலிருக்கும் ரைபிளின் வடிவம், மழையிலும் முட்புதரிலும் நாள்முழுக்கச் சுமப்பது, மொத்தச் செலவு.

இரும்பு சைட்

என்சிசியில் .22 ரைபிள் சுட்டவர்களுக்கு ஃபோர்சைட், பேக்சைட் என்ற சொற்கள் நினைவிருக்கும். ஏற்பாடு அதுதான். ஆனால் பின் சைட் இரண்டு வகைப்படும். குழலின்மேல் பாதியில் நிற்கும் வெட்டுப்பள்ளம் ஒன்று. கண்ணுக்கு அருகே, ரிசீவரின்மேல் (குழலுக்குப் பின்னால் தோட்டா ஏறும் உடற்பகுதி) நிற்கும் துளை சைட் மற்றொன்று. இரும்பு சைட் பிடிக்கவில்லை என்பவர்களில் பலர் முதல் வகையை மட்டுமே பார்த்தவர்கள்.

வெட்டுப்பள்ள சைட்டில் கண் மூன்று இடத்தில் ஒரேநேரத்தில் தெளிவு காண வேண்டும்: பள்ளம், குழல் நுனியில் முன் சைட்டாக நிற்கும் மணி, மான். எந்த வயதுக் கண்ணாலும் அது ஆகாது. துளை சைட்டில் பின்னது மங்கலான வளையமாகி மறைந்துவிடும், கண் தானாகவே நடுவைத் தேடிக்கொள்ளும். முன் மணியை மானின்மேல் வைத்தால் போதும். சிறு துளை வழியே பார்ப்பதால் முன் மணியும் மானும் ஓரளவு சேர்ந்தே தெளியும். ஐம்பது வயதுக்காரருக்கு இது பெரிய வித்தியாசம்.

இன்னொரு லாபம் கணக்கில் இருக்கிறது. லீவர் ரைபிளில் குழல்மேல் உள்ள பள்ளத்துக்கும் முன் மணிக்கும் இடைவெளி ஏறத்தாழ 43 செ.மீ. பின் சைட்டை ரிசீவருக்கு மாற்றினால் அது 64 செ.மீ. அளவுக்கு நீளும். முன் மணியை 0.2 மி.மீ. தவறாக வைத்தால் 100 மீட்டரில் முதலாவதில் 4.7 செ.மீ. விலகும், இரண்டாவதில் 3.1 செ.மீ. குழல், தோட்டா, கை எல்லாம் அதே.

குறை முன் மணியில்தான். 1.6 மி.மீ. மணி, கண்ணிலிருந்து 80 செ.மீ. தள்ளி இருந்தால், 100 மீட்டரில் 20 செ.மீ. அகலத்தை மூடிவிடும். மிளாவின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி 25 செ.மீ. தட்டு அளவு என்று வைத்துக்கொண்டால், குறியையே மறைத்துக்கொண்டு சுடுகிறீர்கள். வேகமாகத் தெரியட்டும் என்று 2.4 மி.மீ. மணி போட்டால் 30 செ.மீ. மறையும். காட்டுக்குள் 60 மீட்டரில் பெரிய மணி நல்லது; எதிர்ச்சரிவுக்கு அது உதவாது.

துளை சைட்டோடு சிறு துளையிட்ட ஒரு டிஸ்க் வரும். அது தாளில் சுடுவதற்கு. காட்டுக்குப் போகுமுன் கழற்றிவிடுங்கள். வெற்று வளையத்தின் 5, 6 மி.மீ. துளையே வேட்டைக்குச் சரி. டிஸ்க்கோடு மாலையில் பார்த்துவிட்டு "ஒன்றுமே தெரியவில்லை" என்று சைட்டை விற்றவர்கள் உண்டு.

*ஜீரோ செய்வது.* குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி சைட்டைத் திருத்துவதுதான் இது. பின் சைட்டை எந்தப் பக்கம் நகர்த்துகிறோமோ அந்தப் பக்கம் குண்டு நகரும். முன் சைட் அதற்கு நேர் எதிர். எவ்வளவு என்பதற்கு: விலகலை சைட் இடைவெளியால் பெருக்கி, சுட்ட தூரத்தால் வகுக்கவும். 50 மீட்டரில் குண்டு 8 செ.மீ. தாழ விழுகிறது, இடைவெளி 64 செ.மீ. என்றால் 80 × 640 ÷ 50,000, அதாவது 1 மி.மீ. பின் சைட்டை அவ்வளவு உயர்த்த வேண்டும், அல்லது முன் சைட்டை அவ்வளவு அராவ வேண்டும். அராவுவதைக் கடைசியாகச் செய்யுங்கள். அராவியது திரும்ப வளராது. குண்டு உயரே விழுந்து, பின் சைட் இனிக் கீழே இறங்காது என்றால் உயரமான முன் சைட் வாங்குவதே வழி.

*எங்கே ஏமாற்றும்.* பக்கவாட்டு வெயிலில் உருண்டை மணியின் ஒரு பக்கம் மட்டும் மினுங்கும். கண் அந்த மினுக்கத்தையே நடு என்று எடுத்துக்கொள்ளும். வெயில் வலப்பக்கமிருந்தால் குண்டு இடப்பக்கம் போகும். தட்டையான முகம் கொண்ட மணியில் இந்தத் தொல்லை குறைவு. ஃபைபர் மணி பகலில் பளிச்சென்று இருக்கும். ஆனால் அது வெளியிலிருந்து ஒளி வாங்கித்தான் மினுங்குகிறது. சட்டம் அனுமதிக்கும் அந்தக் கடைசி அரை மணியில் அதுவும் அணைந்துவிடும்.

*மறைமுகச் செலவு.* பழைய லீவர் ரைபிளில் துளை சைட் மாட்ட, ரிசீவரில் துளைகள் ஏற்கெனவே இருந்தால் ஸ்க்ரூடிரைவர் வேலைதான். புதிய போல்ட் ரைபிள்கள் பெரும்பாலும் மொட்டைக் குழலோடு வருகின்றன. அதில் முன் சைட் பொருத்தக் கன்ஸ்மித் (துப்பாக்கி வேலை செய்பவர்) கூலி சேரும்போது, இரும்பு சைட் மலிவு என்ற பேச்சு அடிபட்டுப் போகும். அந்த ரைபிள்களின் ஸ்டாக்கும் (தோளிலும் கன்னத்திலும் பதியும் கட்டை) ஸ்கோப் உயரத்துக்கே வடிவமைத்தது. கன்னத்தை வைத்தால் கண் இரும்பு சைட்டுக்கு மேலே நிற்கும்.

ஸ்கோப்

ஸ்கோப் தூரத்தைக் கிட்டே கொண்டுவருகிறது என்பது உண்மை. அதைவிடப் பெரிய உதவி, குறுக்குக்கோட்டையும் மானையும் ஒரே தளத்தில் காட்டுவது. கண் ஒன்றை மட்டும் பார்த்தால் போதும். வயதான கண்ணுக்கு இதற்கு ஈடு கிடையாது.

வெளிச்சத்துக்கு ஒரு சின்ன வகுத்தல் கணக்கு. முன் கண்ணாடியின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 3-9×40 ஸ்கோப்பில் (3 முதல் 9 மடங்கு பெருக்கம், 40 மி.மீ. முன் கண்ணாடி) 9 மடங்கில் 4.4 மி.மீ., 6 மடங்கில் 6.7 மி.மீ., 4 மடங்கில் 10 மி.மீ. இருட்டில் இளைஞரின் கண்மணி 7 மி.மீ. வரை விரியும், ஐம்பதுக்கு மேல் 5 மி.மீ. அளவில் நின்றுவிடும். ஆகவே மாலையில் பெருக்கத்தை 6க்கு இறக்கினாலே அதே ஸ்கோப் பளிச்சிடும். நிலா வெளிச்சத்தில் காட்டுப்பன்றி சுடும் ஜெர்மனிக்காரர்கள் 8×56 வைத்திருப்பது இந்த 7 மி.மீ. கணக்குக்காகத்தான். விக்டோரியாவில் மிளாவை இரவில் சுட அனுமதி இல்லாதபோது, அந்தக் கனத்தை மலையேற்றிச் சுமப்பதில் பொருளில்லை.

பெருக்கம் அதிகமாக வாங்குவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. 3 மடங்கில் 100 மீட்டரில் 10 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான அகலம் தெரியும். 9இல் நாலரை மீட்டர்தான். 40 மீட்டரில் மான் எழுந்து ஓடும்போது ஸ்கோப் 9இல் இருந்தால் ரோமம் தெரியும், மான் தெரியாது. 4-16, 6-24 எல்லாம் மிளாக் காட்டுக்கு வேண்டாத பொருள்கள். 2-7×33 அல்லது 3-9×40 போதும். நடக்கும்போது எப்போதும் மிகக் குறைந்த பெருக்கத்தில் வையுங்கள். தூரத்து மானுக்குத் திருகிக்கொள்ள நேரம் இருக்கும், கிட்டத்து மானுக்கு இருக்காது.

*மாட்டுவது.* ஸ்கோப் ஜீரோ மாறிவிட்டது என்று வரும் புகார்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது பேஸ் ஸ்க்ரூ, அதாவது ஸ்கோப் உட்காரும் அடித்தட்டை ரைபிளோடு பிடிக்கும் திருகு. கண்ணாடியைக் குறைசொல்லுமுன் அதைப் பாருங்கள்.

1. பேஸ் ஸ்க்ரூக்களையும் துளைகளையும் அசிட்டோன் போன்ற எண்ணெய் நீக்கியால் துடைக்கவும். ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் நீல நிற லாக்டைட் பசை ஒரு சொட்டு. தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லாவிட்டால் 2 முதல் 2.5 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கவும்.
2. ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்களான ரிங்கின் கீழ்ப்பாதிகளை மாட்டி, ஸ்கோப்பைத் தளர்வாக வைக்கவும். மலையில் போடும் குளிர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி ரைபிளைத் தோளில் வைத்து, பிறகு திறக்கவும். அதிகப் பெருக்கத்தில் முழு வட்டம் தெரியும்வரை ஸ்கோப்பை முன்பின் நகர்த்தவும். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் 8 முதல் 10 செ.மீ. இருக்க வேண்டும். குறைந்தால், மேட்டைப் பார்த்துப் படுத்துச் சுடும்போது ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழிக்கும்.
3. குறுக்குக்கோட்டைத் தூக்குநூல் ஒன்றோடு ஒப்பிட்டு நிமிர்த்தவும்.
4. ரிங் மூடி ஸ்க்ரூக்களை மாற்றி மாற்றி 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கவும். இருபுற இடைவெளியும் சமமாக இருக்க வேண்டும். இதில் லாக்டைட் வேண்டாம். கைப்பலத்தில் இறுக்கினால் குழாய் நசுங்கி, உள்ளே திருகும் பாகம் சிக்கிக்கொள்ளும்.

*ஜீரோ.* போல்ட்டைக் கழற்றி, குழல் வழியே 25 மீட்டர் குறியைப் பார்த்து, ரைபிளை அசைக்காமல் குறுக்குக்கோட்டை அதன்மேல் கொண்டுவரவும். 25 மீட்டரில் தாளில் பட்ட பிறகே 100 மீட்டர். மும்மூன்று தோட்டாவாகச் சுட்டு, மூன்றின் நடுவைக் கணக்கில் எடுக்கவும். ஸ்கோப்பின் திருகியில் ஒரு கிளிக் என்பது கால் நிமிடக் கோணம் (ஒரு பாகையில் 60 நிமிடம்), அதாவது 100 மீட்டரில் 7.3 மி.மீ. 6 செ.மீ. தாழ்வு, 4 செ.மீ. வலம் என்றால் மேலே 8 கிளிக், இடப்பக்கம் 5 கிளிக். 150 கிரெய்ன் .308 குண்டை 100 மீட்டரில் 5 செ.மீ. உயரே விழும்படி வைத்தால், ஏறத்தாழ 200 மீட்டர் வரை குறியை ஏற்றாமல் இறக்காமல் தோளுக்குப் பின்னே நேராக வைத்துச் சுடலாம். .30-30க்கு அந்த வசதி இல்லை. 100இல் ஜீரோ செய்தது 200இல் ஒரு சாணுக்கு மேல் இறங்கிவிடும். 9 மடங்கு ஸ்கோப் மாட்டினாலும் அது நூற்றைம்பதுக்குள் அடங்கும் ரைபிள்தான்.

மலிவு ஸ்கோப்பைச் சோதிக்க ஒரு வழி உண்டு. 100 மீட்டரில் ஒரு தோட்டா. மேலே 20 கிளிக், ஒரு தோட்டா. வலம் 20, ஒரு தோட்டா. கீழே 20, ஒரு தோட்டா. இடம் 20, ஒரு தோட்டா. பக்கத்துக்கு 14.5 செ.மீ. உள்ள சதுரம் வந்து, கடைசிக் குண்டு முதல் குண்டோடு சேர வேண்டும். சேராவிட்டால், அல்லது திருகியது அடுத்த குண்டில்தான் வேலைசெய்கிறது என்றால், உள்ளே ஸ்பிரிங் சரியில்லை. நல்ல துளை சைட் இருந்த ரைபிளில் இப்படியொரு ஸ்கோப்பை மாட்டுவது காசு கொடுத்துக் குறையை வாங்குவது.

*மறைமுகச் செலவு.* ஸ்கோப் 350 கிராம், ரிங்கும் பேஸும் 100 முதல் 150 கிராம். ஏறக்குறைய அரைக் கிலோ ரைபிளின் உச்சியில் ஏறுகிறது. லீவர் ரைபிளின் அழகு, நடுவில் ஒரு கையால் பிடித்துத் தூக்க முடிவது. ஸ்கோப் அந்த இடத்தைத்தான் அடைக்கிறது. பழைய வின்செஸ்டர் 94 தோட்டாக்கூட்டை நேர் மேலே தள்ளும், ஆகவே நடுவில் ஸ்கோப் வைக்க முடியாது. 1980களின் தொடக்கத்தில்தான் பக்கவாட்டில் தள்ளும் மாதிரி வந்தது. மார்லின் 336 முதலிலிருந்தே பக்கவாட்டில் தள்ளுவதால் தொல்லை இல்லை. இராணுவ மாசர் என்றால் போல்ட் கைப்பிடி ஸ்கோப்பில் இடிக்கும், பாதுகாப்புப் பூட்டின் இறக்கையும் இடிக்கும். இரண்டையும் மாற்ற வேண்டும். 1964க்கு முந்தைய வின்செஸ்டரில் துளையிட்டால் சேகரிப்பாளர் விலை அன்றோடு போனது.

மழையிலும் பனியிலும் லென்ஸ் மூடி இல்லாமல் போகாதீர்கள். குளிரிலிருந்து சூடான அறைக்குள் கொண்டுவந்தால் கண்ணாடி வியர்க்கும். முகாமில் ரைபிளைப் பூட்டிவைக்கும் இடம் குளிராகவே இருக்கட்டும்.

இன்னொன்று: "அங்கே என்ன அசைகிறது" என்று ஸ்கோப் வழியாகப் பார்க்கும் பழக்கம் வரவே கூடாது. அசைவது மனிதராக இருந்தால், ரைபிளை அவர் மார்பில் நீட்டியிருக்கிறீர்கள். ஸ்கோப் வாங்குகிறவர் பைனாகுலரையும் அதே பட்ஜெட்டில் சேர்க்க வேண்டும்.

பக்கம் பக்கமாக

| | வெட்டுப்பள்ளம் | துளை சைட் | 2-7 / 3-9 ஸ்கோப் |
|---|---|---|---|
| நம்பிச் சுடும் தூரம் | 50–70 மீ. | 100–120 மீ. | குண்டும் கையும் எட்டும்வரை |
| கடைசி அரை மணி | ஆகாது | சிரமம் | நன்று |
| 40 வயதுக்கு மேல் | மோசம் | பரவாயில்லை | மிக நன்று |
| ஓடும் மான், 40 மீ. | பரவாயில்லை | மிக நன்று | குறைந்த பெருக்கத்தில் நன்று |
| மழை | துடைத்தால் போதும் | துளையில் நீர் நின்றால் ஊத வேண்டும் | மூடி அவசியம் |
| விழுந்தால் | அநேகமாகத் தாங்கும் | அநேகமாகத் தாங்கும் | மறுபடி தாளில் சுட்டுப் பார்க்க வேண்டும் |
| கூடுதல் எடை | இல்லை | 30–60 கிராம் | 450–500 கிராம் |

தூர வரிசையில் உள்ளது பொது அளவு. உங்கள் அளவை நீங்களே கண்டுபிடிக்கலாம்: 20 செ.மீ. காகிதத் தட்டு, மண்டியிட்டு ஐந்து தோட்டா. ஐந்தும் தட்டில் விழும் கடைசித் தூரம்தான் உங்கள் தூரம். ஒன்று வெளியே போனாலும் 10 மீட்டர் முன்னே வாருங்கள்.

ரெட் டாட் பற்றியும், அதாவது கண்ணாடியில் ஒளிரும் சிவப்புப் புள்ளியைக் குறியில் வைக்கும் சைட் பற்றியும் கேட்கிறார்கள். பெருக்கம் இல்லை, வேகம் உண்டு, கண்ணுக்கு ஒரே தளம். 2 நிமிடப் புள்ளி 100 மீட்டரில் 6 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாகத்தான் மறைக்கும், இரும்பு மணியைவிட எவ்வளவோ மேல். ஆனால் அஸ்டிக்மாடிசம் என்ற கண் வளைவுக் குறை உள்ளவர்களுக்குப் புள்ளி வால் முளைத்த நட்சத்திரமாகத் தெரியும். வாங்குமுன் கடையில் பாருங்கள்.

யாருக்கு எது

நாய்களோடு போகும் குழுவில் இருப்பவர், ஓடைக்குள் 60 மீட்டருக்குள் சுடுபவர், கையில் லீவர் ரைபிள்: துளை சைட். ஸ்கோப்புக்கு வைத்த மிச்சக் காசில் தோட்டா வாங்கிப் பழகுங்கள்.

தனியாக நடந்து, காலை மாலை முகட்டில் உட்காருபவர், போல்ட் ரைபிள்: ஸ்கோப்தான், யோசிக்க வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு பணத்தை ரிங், பேஸ், ஜீரோ தோட்டா ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள்.

ஐம்பதைத் தாண்டியவர், லீவர் ரைபிளை விட மனமில்லாதவர்: முதலில் துளை சைட்டைப் போட்டுப் பாருங்கள். மாலையில் முன் மணி தெரியவில்லை என்றால், பக்கவாட்டில் தள்ளும் ரைபிளாக இருந்தால், 1-4 மடங்கு சிறிய ஸ்கோப்.

அமெரிக்காவின் கொலராடோவுக்குக் குண்டும் மருந்தும் முன்வாயில் இடிக்கும் துப்பாக்கிப் பருவத்துக்குப் போகிறவருக்கு யோசனையே தேவையில்லை. அங்கே அந்தப் பருவத்தில் ஸ்கோப்புக்குச் சட்டத்திலேயே இடமில்லை.

இரண்டும் வேண்டும் என்பவர்கள், ஸ்கோப்புக்கு அடியில் ஓட்டை வைத்த உயரமான ரிங்குகளை வாங்க வேண்டாம். கன்னம் ஸ்டாக்கைவிட்டு அந்தரத்தில் நிற்கும், ஸ்கோப்பும் சரிவராது, இரும்பும் சரிவராது. நெம்புகோல் தட்டிக் கழற்றும் ரிங் நல்ல வழி. இரும்பு சைட்டைத் தனியே ஜீரோ செய்துவிட்டு, ஸ்கோப்பை மாட்டி ஜீரோ செய்யுங்கள். பிறகு ஸ்கோப்பைக் கழற்றி மாட்டி ஒரு தோட்டா, மறுபடி கழற்றி மாட்டி ஒரு தோட்டா என்று ஐந்து முறை 100 மீட்டரில் சுடுங்கள். ஐந்தும் அந்த ரைபிள் வழக்கமாகப் போடும் அகலத்தைவிட 3 செ.மீ.க்கு மேல் பரவினால் ரிங்கைக் கடையில் திருப்பிக் கொடுங்கள்.